கல்லூரியில் வரலாறு எடுக்கலாமா?

முசிறிப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த வருடம் +2 முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 600க்கு 430ஐ ஒட்டி மதிப்பெண். வரலாறு பிடிக்கும், பள்ளியில் அதில்தான் நல்ல மதிப்பெண். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், பி.காம். சேரச் சொல்கிறார். "ஹிஸ்டரி எடுத்தால் வேலை கிடைக்குமா, மூன்று வருடம் வீணாகிவிடுமா?" என்பது கேள்வி.

நான் இருபது வருடத்துக்கு மேலாக அரசுக் கலைக் கல்லூரிகளில் வரலாறு சொல்லித் தருகிறேன். அதனால் கண்ணை மூடிக்கொண்டு "எடுங்கள்" என்று சொல்வேன் என நினைக்க வேண்டாம். முதல் வருட வகுப்புக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிடும்: எதிரில் இருப்பவர்களில் பலர் கேட்ட பாடம் கிடைக்காமல், கவுன்சலிங்கில் கடைசியாக மிஞ்சிய சீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களில் சிலர் இரண்டாம் வருடத்துக்குள் வரலாற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள். பலர் கைடு வாங்கி, பரீட்சைக்கு முந்தின வாரம் மனப்பாடம் செய்து, கையில் ஒரு டிகிரியோடு போய்விட்டார்கள். அந்த மூன்று வருடம் அவர்களுக்கு வீண்தான். நீங்கள் விரும்பிக் கேட்டு வருகிறீர்கள். அது பெரிய வித்தியாசம். ஆனால் எதை விரும்புகிறீர்கள் என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

"வரலாறு பிடிக்கும்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்திருப்பது வரலாற்றுக் கதை. ராஜராஜன் கோயில் கட்டினான், ராஜேந்திரன் கடாரம் கொண்டான், கட்டபொம்மன் தூக்கிலேறினான். கேட்கக் கேட்க உடம்பு சிலிர்க்கும். அதில் தவறே இல்லை, நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். கல்லூரியில் கற்றுத்தரும் வரலாறு வேறு. அதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரே கேள்வி நின்றுகொண்டிருக்கும்: இது உனக்கு எப்படித் தெரியும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சோழர் காலக் கோயில் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு. யாரோ ஒருவர் கோயிலில் ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு வைக்க இத்தனை ஆடு கொடுத்தார் என்று கல்வெட்டு சொல்லும். பல இடங்களில் 90 ஆடு, பின்னால் பெரும்பாலும் 96 ஆடு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு? "சந்திராதித்தவல்", சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும்.

இதைப் பள்ளிப் பாடமாகப் படித்தால் "சோழர் காலத்தில் கோயில்களுக்குக் கொடை அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி. இரண்டு மதிப்பெண். முடிந்தது.

வகுப்பில் நாங்கள் அங்கேதான் தொடங்குவோம். ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? ஒரு பையன் எழுந்து, "ஆடு செத்தாலும் குட்டி போடும் சார், எண்ணிக்கை குறையாது" என்பான். சரி, அப்படியென்றால் அங்கே கொடுக்கப்பட்டது ஆடு மட்டுமா? அது ஒரு முதல், நெய் அதன் வட்டி. முதல் குறையக் கூடாது, வட்டி நிற்கக் கூடாது. அடுத்த கேள்வி: மழை பொய்த்து, மேய்ச்சல் இல்லாமல், மந்தையில் பாதி செத்துப்போனால்? கல்லில் எழுதிய ஒப்பந்தப்படி ஆடு சாகாது. ஆக அந்த நஷ்டம் முழுக்க மேய்ப்பவர் தலையில். கொடுத்தவரின் புண்ணியம் கல்லில் பேர் போட்டு நிற்கிறது. வறண்ட வருடத்தில் அந்த இடையர் எப்படி நெய் அளந்தார் என்பதை எந்தச் சுவரும் சொல்லவில்லை. எழுதியிருப்பதை வைத்து எழுதாததை எப்படி விசாரிப்பது, எங்கே வரை போகலாம், எங்கே நிறுத்திக்கொண்டு "இதற்கு மேல் சான்று இல்லை" என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் நாங்கள் சொல்லித்தரும் தொழில்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் விரிவாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு ஈடு, ஓர் எருமைக்கு மூன்று பசு ஈடு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு விலைப் பட்டியல் போல அது உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் நிற்பேன். யாருக்குக் கை பரபரக்கிறதோ, யார் நோட்டில் வகுத்துப் பார்க்கத் தொடங்குகிறார்களோ, அவர்களுக்கு வரலாறு ஒத்துவரும்.

இப்போது நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். மேலே படித்தது சுவாரசியமாக இருந்ததா, அல்லது "ராஜராஜனைப் பற்றிச் சொல்லாமல் ஆடு மாடு பற்றிச் சொல்கிறாரே" என்று தோன்றியதா? இரண்டாவதுதான் தோன்றியது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.காம். படியுங்கள், வரலாற்றை ஓய்வு நேரத்தில் ஆசையாகப் படியுங்கள். அப்படியும் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். இந்திய வரலாற்று ஆய்வின் போக்கையே மாற்றிய டி.டி. கோசாம்பி கணிதப் பேராசிரியர்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பெருமையை மெய்ப்பிக்க வரலாறு படிக்கப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வருகிற பல விஷயங்களுக்குச் சான்று கேட்டால் இருக்காது. நாமே அதைச் சொல்ல வேண்டி வரும், சில சமயம் வீட்டில் பெரியவர்களிடமே. அதற்காகப் பெருமைப்பட எதுவும் மிஞ்சாது என்று இல்லை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு மாதிரியைச் சோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்ததாகத் தமிழக தொல்லியல் துறை 2019ல் அறிவித்தது. எந்தக் குழி, எந்த ஆழம், எந்த மாதிரி என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அதைக் கேள்வி கேட்கவும் முடிகிறது. நூறு ஃபார்வர்டு மெசேஜை விட எனக்கு அந்த ஒரு எண் பெரிது.

சோழரும் கீழடியும் மட்டும்தான் வரலாறு என்றும் எண்ண வேண்டாம். மூன்று வருடத்தில் உலக வரலாறு, ஐரோப்பிய வரலாறு, சுதந்திரப் போராட்டம் எல்லாம் வரும். தாது வருடப் பஞ்சம் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை நாசம் செய்த பஞ்சம். 1877 தொடக்கத்தில் அதை மேற்பார்க்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிற கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் போதும் என்று கணக்குப் போட்டார், கூடவே சொற்பக் காசு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், கல் உடைக்கிற மனிதனுக்கு அது போதாது, உயிர் போய்விடும் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அரசாங்கம் தன் கையாலேயே பத்திரப்படுத்தி வைத்த காகிதங்களில் இந்தச் சண்டை இருக்கிறது. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எம்.ஏ. படிக்கும்போது முதல்முறை போனேன். துணியில் கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். தாள் ஓரம் தொட்டால் உதிரும். மை பழுப்பாகிவிட்டது. ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அன்று முழுக்க நாலு பக்கம்தான். வெளியே வந்து டீ குடிக்கும்போது கை நடுங்கியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் தாத்தாவின் அப்பா பிழைத்த பஞ்சம் அது. அன்றைக்குத்தான் இந்தத் துறையை விட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி, அதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது.

பி.ஏ. வரலாறு முடித்த உடனே "வரலாற்று வேலை" என்று ஒன்று கிடைக்காது. இதை முதல் நாளே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். வரலாறு நேரடியாகச் சோறு போடும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அடுத்த படி ஒன்று வேண்டும். பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட்., அப்புறம் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு. மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.ஏ., பி.எட். இரண்டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுத வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியர் என்றால் எம்.ஏ.வில் குறைந்தது 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டில் சலுகை உண்டு), அதோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, அல்லது பிஎச்.டி. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடம் நினைத்த நேரத்தில் வருவதில்லை. நெட் தேறி, பிஎச்.டி. முடித்து, கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். என்னை விட நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள் அவர்களில் உண்டு. பேராசிரியர் ஆவதுதான் ஒரே கனவு என்றால் முப்பது வயதுக்கு மேலும் காத்திருக்க வீட்டில் முடியுமா என்று யோசியுங்கள்.

தொல்லியல் பக்கம் ஆசை இருந்தால் பி.ஏ. வாசல்படி மாதிரி. தமிழக தொல்லியல் துறை கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் துறை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. இந்தப் பாதையில் போகிறவர் வட்டெழுத்து, கிரந்தம் போன்ற பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்க வேண்டும். வெயிலில் குழிக்குள் நாள் முழுக்கக் குந்தி, தூரிகையால் மண்ணைத் தள்ள வேண்டும். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், சுற்றுலா, பத்திரிகை, இவையெல்லாம் இடம் குறைவு, ஆனால் உண்மையில் இருக்கிற வேலைகள். சட்டம் இன்னொரு நல்ல வழி. எந்தப் பட்டம் முடித்தாலும் மூன்று வருட எல்.எல்.பி. படிக்கலாம். பழைய தாளைப் பொறுமையாகப் படித்து, எது சான்று எது வாய்ப்பேச்சு என்று பிரிக்கத் தெரிந்தவர் அங்கே பிழைத்துக்கொள்வார். என்னிடம் படித்தவர்களில் இன்று நன்றாக இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் வக்கீல்கள் கணிசம்.

அப்புறம் போட்டித் தேர்வு. இதற்காகவே வரலாறு எடுக்கிறவர்கள் ஏராளம். டி.என்.பி.எஸ்.சி.யில் வரலாற்றுக் கேள்விகள் கண்டிப்பாக உண்டு. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால், எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் 500 அதற்கு. உதவும், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், விருப்பப் பாடமும் கல்லூரியில் படித்ததாக இருக்கத் தேவையில்லை. ஐ.ஏ.எஸ். ஆகலாம் என்ற ஒரே காரணத்துக்காக வரலாறு எடுக்காதீர்கள். தேர்வு கைகூடாமல் போனால் படிப்பின் மீதே வெறுப்பு வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டப்படும்.

உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் இரண்டு விஷயம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். பள்ளியிலிருந்து தொடர்ந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசின் நேரடி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. நீங்கள் இதுவரை தமிழ் வழி என்றால், பி.ஏ.வையும் தமிழ் வழியிலேயே எடுப்பது புத்திசாலித்தனம். ஆனால், இதை அழுத்திச் சொல்கிறேன், ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள முதல் செமஸ்டரிலிருந்தே பழகுங்கள். தினம் ஒரு பக்கம் போதும், அகராதியை வைத்துக்கொண்டு. தமிழ்நாட்டு வரலாற்றைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது. உங்கள் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியர் 1960களில் உட்கார்ந்து ஒப்பிட்டார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்கள் கையில் இருந்தது, அல்லூரில் ஊரே சேர்ந்து வைத்திருந்தது என்று காட்டினார். ஒரே வட்டாரத்தில் இரண்டு விதம். இந்தியக் கிராமம் என்றால் எங்கும் ஒரே மாதிரி, என்றும் மாறாதது என்ற பழைய பேச்சுக்கு அது பலத்த அடி. டோக்கியோவிலிருந்து வந்தவர் நம் காவிரிக் கரையைப் பற்றிக் கேட்ட கேள்வியை நம் ஊர்ப் பிள்ளை மொழி தெரியாததால் படிக்க முடியாமல் போகக் கூடாது.

எந்தக் கல்லூரி என்பது எந்தப் பாடம் என்பதற்குச் சமமான கேள்வி. பெயரைப் பார்க்காதீர்கள். இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்து, தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? நூலகத்தில் உங்களை அலமாரிக்குப் பக்கத்தில் விடுகிறார்களா, அல்லது ஜன்னலில் சீட்டு நீட்ட வேண்டுமா? போன வருடம் களப்பயணம் எங்கே போனீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு கோயில் பெயரோ மலைக் குகையின் பெயரோ பதிலாக வந்தால் நல்லது. அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் வரலாற்று வரைவியல் என்று ஒரு தாள் இருக்கும், வரலாற்றை எழுதுவது எப்படி என்பதைப் பற்றியது. மாணவர்கள் அதிகம் பயப்படுவதும் அதற்குத்தான். அதன் தலைப்புகளை வாசித்துவிட்டு ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள்.

வீட்டு நிலைமை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வருடம் முடிந்த மறு மாதமே உங்கள் சம்பளத்தை நம்பி வீடு ஓட வேண்டும் என்றால் பி.காம்.தான் என் பதில், தயங்காமல். அது தோல்வி ஆகாது. வரலாற்றின் கதவு பிறகும் திறந்தே இருக்கும்: எந்தப் பட்டம் பெற்றவரும் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கலாம், வேலை பார்த்துக்கொண்டே. இன்னும் இரண்டு மூன்று வருடம், ஒரு பி.எட். அல்லது எம்.ஏ. அல்லது சட்டம் வரைக்கும் வீடு தாங்கும் என்றால், மேலே சொன்ன ஆடு உங்களை யோசிக்க வைத்தது என்றால், வரலாறு எடுங்கள். எடுத்தால் கூடவே இன்னொரு கைத்தொழில் போல ஒன்றை முதல் வருடமே தொடங்குங்கள். தட்டச்சு, நல்ல ஆங்கிலம், கணினியில் அட்டவணை போடுவது, ஏதாவது ஒன்று. கராஷிமாவும் அவரோடு வேலை செய்த சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுச் சொற்களை எண்ணிப் பட்டியல் போட்டவர்கள். உங்கள் அப்பாவின் கடைக் கணக்குப் பழக்கம் இந்தத் துறையில் வீண் போகாது.

விண்ணப்பத்தில் இரண்டு பாடத்தையும் போடுங்கள். கடைசித் தேதிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயிலுக்குப் போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். முற்காலச் சோழர் கல்வெட்டுகள் உள்ள கோயில். போவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதி ஒன்றைத் திறந்து பத்துக் கல்வெட்டாவது படித்துவிட்டுப் போங்கள், காசு ஒன்றும் கட்ட வேண்டாம். சுவருக்கு முன்னால் நின்று பழைய எழுத்தில் ஒரே ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். "ஸ்ரீ" சுலபமாகத் தெரியும், அங்கிருந்து தொடங்கலாம். ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள்.

அப்பாவையும் கூட அழைத்துப் போக முடிந்தால் அழைத்துப் போங்கள். போகும் வழியில் அந்த 96, 48, 16 கணக்கை அவரிடம் சொல்லிப் பாருங்கள். தினம் நெய் நிறுத்துக் கொடுக்கிற மனிதர், ஓர் எருமைக்கு ஆறு ஆடு சரியான ஈடா என்று உங்களை முந்திக்கொண்டு அவர் கேட்பார்.